பிளேஓஃப் துடக்கு

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வென்ட்வேர்த்வில்லில் அக்கா வீட்டுக் குசினி. அக்காவின் மகள் ஆரணிக்கு அடுத்த மாதம் கலியாணம். மாப்பிள்ளை நிமலன் கனடா, கலியாணம் சிட்னியில். அவனும் அவனுடைய அப்பா சிவபாதம் அண்ணையும் என்றைக்கு இங்கே வந்து இறங்குகிறார்கள் என்று கேட்பதற்காக அக்கா வாட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்தாள்.

திரையில் தகப்பனும் மகனும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் தாடி!

ஸ்டைல் தாடி என்றால் நமக்கென்ன? இது அப்படியில்லை. ஒரு கிழமையாகச் சவரக்கத்தியே காணாத தாடி. எங்கள் ஆட்களில் தகப்பனும் மகனும் சேர்ந்து இப்படி நின்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அக்கா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அண்ணை... ஆரும் மோசம் போட்டினமோ?"

சாவு விழுந்த வீடென்றால் துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு நல்ல காரியம் கிடையாது. கலியாணத்துக்கு இருந்ததோ இருபத்தெட்டு நாள். அக்கா மனதுக்குள் நாளை எண்ணி முடித்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஐயோ, இல்லைத் தங்கச்சி. பிளேஓஃப் தொடங்கிட்டுது," என்றார் சிவபாதம் அண்ணை. "ஐஸ் ஹொக்கி! எங்கட டீம் உள்ளுக்கு நிக்குமட்டும் தாடி வழிக்கிறேல்லை. அது எங்கட ஊர் வழக்கம்."

எந்த ஊர் வழக்கம் என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. அக்கா என் காலை மிதித்தாள். சம்பந்தி அல்லவா!

"அப்ப எப்ப அண்ணை வெளிக்கிடுறியள்?"

"டீம் வெளியில போனதும் அடுத்த பிளைட்."

"போகாட்டி?"

"போகாட்டி எப்பிடி வாறது?" என்றார் அவர். ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டு வரச் சொன்னதுபோல ஒரு பார்வை.

அப்படியானால் இந்த நாளுக்கு ஏன் சம்மதித்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். தை மாதத்தில் நாள் வைத்தபோது அவர்களுடைய அணி தோற்றுத் தோற்று அடியில் கிடந்ததாம். பங்குனியில் எழும்பிவிட்டதாம். நாங்கள் செவ்வாய் தோஷம் பார்த்தோம், ராகு காலம் பார்த்தோம், மண்டபத்தின் கார் பார்க்கிங்கைக்கூட இரண்டு தரம் போய்ப் பார்த்தோம். ஐஸ் ஹொக்கி பார்க்கவில்லை.

நிமலனுக்கு அம்மா இல்லை. தகப்பன் தனியாகத் தூக்கி வளர்த்த பிள்ளை. "அப்பா வராமல் நான் தாலி கட்டமாட்டன், அன்ரி" என்று அவனும் சொல்லிவிட்டான். சரி, நாளை மாற்றலாமா? முகூர்த்தம் இருக்கிற நாளில் மண்டபம் இல்லை. மண்டபம் இருக்கிற நாளில் முகூர்த்தம் இல்லை. கொஞ்சம் இழுத்தால் ஆடி வந்துவிடும். ஆடியில் யாராவது கலியாணம் செய்வார்களா?

"நீதானே பேப்பரில எழுதிறனீ. உந்த விளையாட்டு எண்டைக்கு முடியுமெண்டு பாத்துச் சொல்லு," என்றாள் அக்கா. பேப்பரில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற ஒரே வாசகி அவள்தான். நார்த்மீட்டில் என் வீட்டுக்கு வந்து, மூன்று பின்னேரம் செலவழித்துப் படித்தேன்.

அந்தப் பெரிய லீக்கில் முப்பத்திரண்டு அணிகள். ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரை ஒவ்வொரு அணியும் எண்பதுக்கு மேல் ஆட்டம் ஆடுகிறது. ஆறு மாதம் அடிபட்டு, பல் உடைந்து, என்ன முடிவு காண்கிறார்கள்? பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவுதான்! மீதிப் பதினாறு பேரும் அப்படியே நிற்கிறார்கள். அவர்களுக்குள் நடக்கிற கழிப்புச் சுற்றுகள்தான் பிளேஓஃப். எங்கள் அக்கா கலியாணத்துக்குச் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் பாதிப் பேரை ஒரே பின்னேரத்தில் வெட்டினாள்.

பதினாறு பேர் எப்படி? கிழக்கில் எட்டு, மேற்கில் எட்டு. ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் இரண்டு பிரிவு. பிரிவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் நேரே உள்ளே. மிச்சம் இரண்டு இடத்துக்கு வைல்ட் கார்ட் என்று பெயர். மேசையெல்லாம் நிறைந்த பிறகு, வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல் ஓரத்தில் கதிரை போட்டு இருத்துவோமே இரண்டு பேரை — அவர்கள்தான். சிவபாதம் அண்ணையின் அணி அந்தக் கடைசிக் கதிரையில்தான் வந்து குந்தியிருந்தது.

உள்ளே வந்தபின் ஒரு ஆட்டத்தில் தோற்றால் வீட்டுக்குப் போய்விடலாமா? அதுதான் இல்லை. ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம். முதலில் நாலு வென்றவன் மேலே போவான். முதல் இரண்டு ஆட்டம் கூட வென்று வந்த பெரியவன் ஊரில், அடுத்த இரண்டு சின்னவன் ஊரில், பிறகு இங்கொன்று, அங்கொன்று, இங்கொன்று. கலியாணம் முடித்து மாறி மாறி விருந்துக்குப் போகிற புதுச் சோடிக்குக்கூட இவ்வளவு அலைச்சல் இல்லை.

இப்படி நாலு சுற்று. முழுக்க இழுத்தால் ஓர் அணிக்கு இருபத்தெட்டு ஆட்டம், இரண்டு மாதம். சித்திரை பிறந்ததும் தொடங்கினால் ஆனி பிறக்கும்போதுதான் கோப்பை தூக்குவார்கள். அதாவது எங்களுடைய நல்ல முகூர்த்த மாதம் இரண்டையும் முழுதாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். அட்டவணையில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஆட்டங்களின் திகதிக்குப் பக்கத்தில் 'இஃப் நெசசரி', அதாவது 'தேவைப்பட்டால்', என்று வேறு போட்டிருந்தது. அக்காவிடம் காட்டினேன்.

"தேவைப்பட்டாலோ? ஐயர் உப்பிடி நாள் எழுதித் தந்தா நான் விடுவனோ?"

துடக்கென்றாலும் முப்பத்தோராம் நாள் முடியும். இதற்கு அந்த நிச்சயமும் இல்லை. எங்கள் அவுஸ்திரேலிய ஃபுட்போலைப் பாருங்கள். நாலு கிழமை ஃபைனல்ஸ், கடைசியில் ஒரே ஒரு கிராண்ட் ஃபைனல், முடிந்தது கதை. "இங்க மட்சுக்கு முதல்நாளே ஊருக்கெல்லாம் லீவு விட்டிடுவாங்கள் அக்கா, நாகரிகமான சனம்," என்றான் மெல்பேர்னில், ட்ருகனினாவில் இருக்கிற எங்கள் தம்பி. பாவம், வெயர்ஹவுஸ் வேலை. கலியாணத் திகதி ஏன் இன்னும் உறுதியில்லை என்று சூப்பர்வைசர் கேட்க, இவன் உண்மையைச் சொல்ல, கலியாணத்துக்கு இவன் கேட்ட லீவு கடைசிவரை இழுபட்டது.

அக்காவுக்கு ஆறுதல் சொன்னவன் நிமலன்தான். "பயப்பிடாதேங்கோ அன்ரி. எங்கட டீம் முதல் ரவுண்டிலயே தோத்திடும். எனக்கு விவரம் தெரிஞ்ச நாளில இருந்து அப்பிடித்தான்." மருமகன் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்றாள் அக்கா.

முதல் ரவுண்டில் வென்றுவிட்டது!

இரண்டாம் சுற்றில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கி நின்றது. அக்கா எயார்போர்ட்டுக்குப் போக வான் சொல்லிவைத்தாள். அடுத்த மூன்றாம் நாள் பார்த்தால் மூன்றுக்கு மூன்று. வானை வேண்டாம் என்றாள். ஏழாவது ஆட்டம் கலியாணத்துக்கு ஆறே நாள் இருக்கும்போது. தோற்றால் சிவபாதம் அண்ணை விமானம் ஏறுவார். வென்றால் மூன்றாம் சுற்று, இன்னும் இரண்டு கிழமை... மண்டபத்தில் மணவறை இருக்கும், மாப்பிள்ளை இருக்கமாட்டான்.

அக்கா கோயிலுக்கு ஓடினாள். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தாள். "பேர், நட்சத்திரம்?" என்றார் ஐயர். அக்கா எதிரணியின் பெயரைச் சொன்னாள். நட்சத்திரம் தெரியாது என்றாள். ஐயர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சுவாமி பெயருக்கே செய்துவிட்டார். அதே நாளில் கனடாவில் சிவபாதம் அண்ணை ஏழு தேங்காய் உடைத்தாராம். பிள்ளையார் யார் பக்கம் சாய்வார், சொல்லுங்கள்?

இந்தக் கூத்துக்கு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆரணி சிரிக்கவில்லை. கூறைச்சேலைக்கு பிளவுஸ் தைத்து வந்திருந்தது. அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கட்டிலில் போட்டபடி அப்படியே இருந்தாள்.

"போட்டுப் பாத்து என்ன செய்யிறது சித்தி? நானும் அவையளுக்கு ஒரு 'இஃப் நெசசரி' தானே?"

எனக்குச் சுருக்கென்றது. பிளவுஸை எடுத்து மடித்து வைத்தேன். சிவபாதம் அண்ணை மீது அன்றைக்கு வந்த கோபத்தில் இந்தப் பத்தியை எழுதியிருந்தால் ஆசிரியர் அச்சேற்றியிருக்கமாட்டார்.

திங்கட்கிழமை காலை. அங்கே அவர்களுக்கு ஞாயிறு பின்னேரம். அத்தான் வேலைக்கு சிக் லீவு போட்டிருந்தார். ஓர் அணி தோற்கவேண்டும் என்று பிரார்த்திப்பதற்காக மனுசர் போட்ட முதல் சிக் லீவு. எல்லாரும் சேர்ந்து பார்ப்போம் என்று நிமலன் வீடியோ கோல் எடுத்தான். அக்கா போனைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். "மியூட்டில போட்டிட்டன், பயப்பிடாமக் கதையுங்கோ," என்றாள். ஆரணி மட்டும் வந்து இருக்கவில்லை. குசினி வாசலில் நின்றாள்.

ஆட்ட நேரம் முடியும்போது இரண்டுக்கு இரண்டு, சமன். வழக்கமான ஆட்டமென்றால் மேலதிகமாக ஐந்து நிமிடம் ஆடவிட்டு, பிறகு தனித்தனியாக அடிக்கச் சொல்லி முடித்துவிடுவார்கள். பிளேஓஃபில் அந்த இரக்கம் கிடையாது. யாராவது ஒருவன் கோல் போடும்வரை இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். முதல் இருபதில் ஒன்றுமில்லை. அடுத்த இருபதில் எதிரணிக்காரன் ஒருவன் நெரிசலுக்குள் நின்று சும்மா ஒரு தட்டுத் தட்டினான். பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கிற கறுப்பு வில்லை கோல்கீப்பரின் இரண்டு காலுக்கும் நடுவால் போய்விட்டது.

"பிள்ளையாரப்பா!" அக்கா துள்ளினாள். அத்தான் கைதட்டினார். நான் விசிலே அடித்தேன், மறைப்பானேன்?

பிறகுதான் போனைப் பார்த்தோம். மியூட் என்று நினைத்து அக்கா அமத்தியது சத்தத்தைக் குறைக்கிற பட்டனை. எங்கள் துள்ளலும் விசிலும் ஒன்றும் குறையாமல் கனடாவுக்குப் போயிருந்தன. சிவபாதம் அண்ணை அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமலன் தலையைக் குனிந்துவிட்டான்.

கலியாணம் முறிந்தது என்றே நினைத்தேன். தாம்பூலத் தட்டை இடக்கையால் நீட்டினார்கள் என்று பன்னிரண்டு வருடம் கதைக்காத சொந்தமெல்லாம் எங்களுக்கு உண்டு. இது விசில்! தொலைக்காட்சியில், ஏழு ஆட்டமும் ஒருவரையொருவர் சுவரோடு சாத்திய அந்த இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தன. சுற்று முடிந்தால் அப்படிச் செய்வது அவர்கள் வழக்கமாம். எங்கள் பக்கத்தில் அத்தான் தட்டிய கையைக் கட்டிக்கொண்டார்.

ஆரணி வந்து போனைக் கையில் எடுத்தாள். ஏதோ வெடிக்கப்போகிறாள் என்று அத்தான் எழும்பினார். அவள் அந்த மனுசரின் முகத்தையே பார்த்தாள்.

"சொறி மாமா," என்றாள். "நாங்கள் தோத்திட்டம்."

சிவபாதம் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போடவில்லை.

"நான் அகதியா வந்த முதல் விண்டர் பிள்ளை. ஐஸ் ஹொக்கி ஆடுற ரிங்கில கூட்டிற வேலை. மூண்டு மாசம் ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை. ஒருநாள் டீம் தோத்திட்டுது. பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரன் என்னைப் பாத்து 'வீ லாஸ்ட்' எண்டான். என்னையும் சேத்துச் சொன்னான், விளங்குதோ? அண்டைக்குத்தான் நான் அந்த நாட்டுக்கு வந்து சேந்தனான்." கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்தார். "கலியாணம் பேசின நாளில இருந்து உங்கட வீட்டில எல்லாரும் 'உங்கட டீம்', 'உங்கட டீம்' எண்டுதான் சொன்னவை. நீதான் இண்டைக்கு..."

மூக்கைச் சிந்தினார். "தம்பி, பிளைட்டைப் பார். நாளைக்கே வெளிக்கிடுவம்."

மூன்று கிழமையாகப் பகிடி பண்ணிய எனக்கு வெட்கமாக இருந்தது. நன்றாக வெட்கமாக இருந்தது. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். விசில் நல்லாத்தான் அடிச்சனீங்கள் என்றார்.

போன ஞாயிறு கலியாணம் சிறப்பாக நடந்தது. மற்றபடி அந்த ஹொக்கியில் எனக்கு எந்த அக்கறையும் கிடையாது, இனியும் வராது. ஆனாலும் அந்த இரண்டு காலுக்கும் நடுவால் போனதைத் தடுக்கத் தெரியாதவனை எங்கள் அணியில் யார் கோல்கீப்பராகப் போட்டது என்று மட்டும் எனக்குத் தெரிந்தாகவேண்டும்!