கிளட்ச் தேய்த்த மருமகள்

அனுராதாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், வேலையைப் பிடித்துக்கொள்வாள். அந்த வீட்டு அடுப்பு மேடை கண்ணாடி மாதிரிப் பளபளப்பதற்கு அவளுடைய சுத்தம் காரணமில்லை, மாமனார் ஆதிகேசவன்தான் காரணம்.

மணவூரில் ஸ்டேஷனை ஒட்டிய வீட்டில் பிறந்தவள். அரக்கோணமோ திருவள்ளூரோ, யாரையும் கேட்காமல் ரயிலேறிப் போய்வந்தவள். ஆர்.கே.பேட்டைக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்கு வாக்கப்பட்ட பிறகுதான் பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நிற்பது என்றால் என்னவென்று தெரிந்தது. திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. சாயங்கால பஸ்ஸை விட்டால் வீடு வந்து சேர இருட்டிவிடும். ஆதிகேசவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வரும் மருமகள் இந்த ஊரிலேயே தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

வீட்டில் ஒரு கார் இருந்தது. மாந்தோப்புக் குத்தகைப் பணம் வந்த வருஷம் ஆதிகேசவன் பழசாக வாங்கிய டீசல் கார். அவர் மகன், அவள் புருஷன் ராஜேஷுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவான். மற்ற நாளெல்லாம் அது வேப்பமரத்தடியில் காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நின்றது. அனுராதா டிரைவிங் பள்ளிக்குப் போனாள், லைசென்ஸ் வாங்கினாள், ஒரு திங்கட்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து விளக்கு வைக்கும் முன்பே வீடு வந்தாள். மாமனாருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. ஆனால் சாவி கையில் இருக்கும்வரைதான் வேலை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மாசி மாதத்தில் வண்டி தன் கோளாறைச் சொல்ல ஆரம்பித்தது. நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் மட்டும் கத்தியது, வேகம் ஏறவில்லை. கிளட்சை முக்கால்வாசி விட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. மேட்டில் ஏறினால் கருகிய வாடை. ஒருநாள் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டுப் பார்த்தாள். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் திணறி அணைந்திருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றே சொன்னாள். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, மாற்றும்வரை ஆளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறக்கூடாது என்றாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். டீசலில் கலப்படம் என்றார் ஆதிகேசவன். ராஜேஷ் போனில், கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டாதே என்று புத்தி சொன்னான். அவள் காலை எங்கே வைக்கிறாள் என்று ஸ்ரீபெரும்புதூரில் இருந்தபடியே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கும் அடுப்பு மேடை பளபளத்தது.

கிளட்சைத் தின்றது யார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாதாமாதம் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு திருத்தணி முருகன் மலைக்குப் போவது அந்த வீட்டு வழக்கம். அன்று மட்டும் ஆதிகேசவன்தான் ஓட்டுவார். கிருத்திகையன்று மலைப்பாதையில் வண்டிகள் வரிசைகட்டி ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறும். அந்த ஏற்றத்தில் அவர் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே மாட்டார். சாமிகிட்டே போகிற வண்டியைக் கட்டிப்போடக் கூடாது என்பது, வண்டிக்கு முதல் பூஜை போட்ட அன்று அவரே அவருக்குப் போட்டுக்கொண்ட சட்டம். முருகன் அப்படிக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை. வரிசை நகரும்வரை பாதிக் கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாய்நிறைய அரோகரா சொல்லிக்கொண்டிருப்பார். பிளேட் தேயாமல் என்ன செய்யும்?

பங்குனிக் கிருத்திகைக்கு இந்த வண்டியில் வேண்டாம், ஆட்டோவில் போகலாம் என்றாள். சொந்த வண்டி வாசலில் நிற்கும்போது ஆட்டோவா என்று ஆதிகேசவன் சிரித்தார். ராஜேஷ் முன்சீட்டில் ஏறினான். அவளும் மாமியார் ரத்தினம்மாளும் பின்னால்.

பாதி மலையில் வரிசை நின்றது. வழக்கம்போல வண்டி தொங்கியது. எஞ்சின் கத்தக் கத்த வாடை உள்ளே ஏறியது. ரத்தினம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஹேண்ட் பிரேக் போடுங்க மாமா என்று அனுராதா இரண்டு தரம் சொன்னாள். அவர் திரும்பக்கூட இல்லை. பிறகு வண்டி மெல்லப் பின்னால் நழுவத் தொடங்கியது. அவர் பதறிப்போய் ஆக்சிலேட்டரையே மிதித்தார். எஞ்சின் அலறியது, வண்டியோ இறங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு ஆட்டோ நிறைய ஜனம். கைக்குழந்தையை வைத்திருந்த ஒருத்தி அலறிக்கொண்டு குதிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த அனுராதா, இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு முழம் மிச்சம் வைத்து வண்டி நின்றது.

இறங்கியதும் ஆதிகேசவன் அத்தனை பேர் முன்னாலும் அவளைத்தான் கேட்டார்.

"சாமி மலையில என் வண்டியைக் கட்டிப் போடறதுக்கு நீ யாரு?"

விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஜென்மம். வண்டியைத் தினமும் ஓட்டி ஓட்டிக் கிளட்சைத் தீய்த்தவள் இவள்தான் என்று ஆட்டோக்காரரிடமும் சொன்னார். ராஜேஷ் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமனார் மேல் வந்ததைவிட அவன் மேல்தான் அவளுக்கு அதிகமாகக் கோபம் வந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். இறக்கத்துக்குக் கிளட்ச் எதற்கு? ஆட்களை ஒதுங்கச் சொல்லி, நின்றவர்களை விட்டு வண்டியைக் கையால் தள்ளித் திருப்ப வைத்து, முதல் கியரை நம்பாமல் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்து அடிவாரம் வரை இறக்கினாள். ரத்தினம்மாள் மட்டும் ஏறி உட்கார்ந்தாள். ஆண்கள் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள்.

மெக்கானிக் நாகேந்திரன் கியர்பாக்ஸை இறக்கிப் பிளேட்டை வெளியே எடுத்தார். ஆணித்தலை தெரியும் அளவுக்குத் தேய்ந்து, நீலம் பாரித்திருந்தது. பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றினால்தான் சரிவரும் என்றவர், வண்டியை லேடீஸ் ஓட்டுகிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்று அப்பனும் பிள்ளையும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வண்டி வீடு வந்தது. கூடவே அந்தத் தேய்ந்த பிளேட்டும் வந்தது. ஆதிகேசவன் அதைக் கேட்டு வாங்கி வந்து டிவி மேஜையில் வைத்துவிட்டார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம், மருமகள் கார் ஓட்டிய லட்சணம் என்று எடுத்துக் காட்டினார். பால்காரர் பார்த்தார், கேபிள்காரர் பார்த்தார். அனுராதா காபி கொடுத்தாள், டம்ளர் கழுவினாள், மேடையைத் துடைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் வேதாசலம் வந்திருந்தார். பிளேட் கைமாறியது. வேதாசலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உச்சுக்கொட்டினார். அந்தத் தைரியத்தில் ஆதிகேசவன் மெயின் விஷயத்துக்கு வந்தார். இனிமேல் சாவி தன்னிடமே இருக்கட்டும், அனு முன்னைப்போல பஸ்ஸில் போகட்டும், முடியாவிட்டால் வேலைக்குப் போகவேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை என்றார். ராஜேஷ் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

சமையற்கட்டில் துணி கையில் இருந்தது. துடைக்க இனி அந்த மேடையில் இடமில்லை. அனுராதா துணியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். வேதாசலத்தின் கையிலிருந்த பிளேட்டை வாங்கி மாமனார் மடியில் வைத்தாள்.

"இதைத் தேச்ச காலு யாருதுன்னு அந்த முருகருக்குத் தெரியும் மாமா. மலையில நம்ம நாலு பேரையும் நிறுத்தின கை என்னுது. சாவி அந்தக் கையிலதான் இருக்கும். உங்களுக்கு வண்டி வேணும்னா என்னைக் கேளுங்க, குடுக்கறேன்."

ஆதிகேசவன் மகனைப் பார்த்தார். மகன் போனைப் பார்த்தான்.

சித்திரைக் கிருத்திகையன்று காலை ஆதிகேசவன் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டு வாசலில் நின்றார். கார் கழுவி நின்றது. கேட்க வாய் வரவில்லை. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். டவுன் பஸ் வரும்வரை அவர் அங்கே வெயிலில் நின்றதை அனுராதா மாடியிலிருந்து பார்த்தாள். அவளுக்குப் பாவமாகவே இல்லை.