அறுபத்தொன்றில் ஒரு மிச்சம்

அறுபத்தொன்று ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இதைச் சொல்வதற்கு முன்பே அந்த எண் எங்கள் மானத்தை வாங்கிவிட்டது.

அது மலாயாவில் அவசரகாலம்; காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட காலம். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்விடக் கூடாதென்று, வேலைக்குக் கிளம்புகிறவர்களை அன்றாடம் காலையில் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணியின் கணக்குப்படி எங்கள் கேட்டில் அறுபத்தொரு பேர். வெள்ளைக்கார சார்ஜன்ட் அவர்களை ஐந்தைந்தாக நிற்கச் சொன்னார். ஒருவர் மிஞ்சினார். ஆறாறாக, நான்கு நான்காக, மும்மூன்றாக, இரண்டிரண்டாக நிறுத்திப் பார்த்தார். அப்போதும் ஒருவர் மிஞ்சினார். உலகத்தையே பங்கு போட்ட வெள்ளைக்காரருக்கு எங்கள் அறுபத்தொன்றைப் பங்கு போட முடியவில்லை. தோட்டத்து ஆட்கள் கூடிப் பேசித் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றே அவர் நினைத்தார்.

வரிசையில் நின்றவர்களுக்கு இடுப்பைத் தட்டிப் பார்ப்பதோடு சரி. மிஞ்சியவர் பாடுதான் திண்டாட்டம். ஆணென்றால் சட்டையையும் தலைப்பாகையையும் கழற்ற வேண்டும்; பெண்ணென்றால் கொண்டையை அவிழ்க்க வேண்டும். அதனால் எல்லாரும் முண்டியடித்து வரிசைக்குள் புகுந்துகொள்வார்கள். அப்பா மட்டும் தன் தங்கையை, அதாவது என் அத்தையை, முன்னால் தள்ளிவிட்டு, ஆடி அசைந்து கடைசியில் வந்து பனியில் வெற்று உடம்போடு நிற்பார்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "ஏய், மிச்சத்தோட மவ வர்றாடா!" என்பார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஒருநாள் அறுபத்தொரு தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கி வந்து வீட்டுத் தரையில் அடுக்கினேன். ஏழேழாக வைத்தபோது ஐந்து மிஞ்சியது. துள்ளிக் குதித்தேன். நாலு பேரோடு சேர்ந்து பட்டால் அவமானம் குறைந்துவிடும் என்பது என் கணக்கு.

"அப்பா, ஏழேழா நிறுத்தச் சொன்னா நீங்க தனியா நிக்க வேணாம். கிராணிகிட்ட நானே போய்ச் சொல்லட்டா?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அத்தை சட்டென்று நிறுத்தினாள். அவளும் எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். அவளுடைய மூத்த மகன் காட்டுக்குப் போனதிலிருந்து வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவளும் அதிகம் பேசுவதில்லை.

அப்பா கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்மா. ஏழுன்னா அஞ்சு பேரு மாட்டணும். யாரு யாரோ வந்து மாட்டுவாங்க. ஒரு ஆளுன்னா நா போதும்லா."

"உங்களுக்கு வெக்கமா இல்லியாப்பா?"

"இருக்கு. குளிருந்தான் இருக்கு."

கிராணியிடம் மூச்சு விடக் கூடாதென்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு கோழைக்கா மகளாகப் பிறந்தேன் என்று அன்று முழுக்க அழுதேன். மறுநாள் காலையிலும் அவர்தான் தனியாக நின்றார். யாரோ எவரோ என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்து போனேன்.

காலையில் அத்தையின் கொண்டை பெரிதாக இருப்பதும், வேலை முடிந்து திரும்பும்போது பாதியாகச் சிறுத்திருப்பதும் என் கண்ணில் படாமல் இல்லை. மலைக் குளிருக்கு முடிகூடச் சுருங்கிவிடும் போல என்று நினைத்துக்கொண்டேன்.