கேட்காமல் எடுத்த படம்

"அந்தோணி அண்ணன் தவறிவிட்டார். நல்ல படம் யாரிடமாவது இருந்தால் அனுப்பவும்." மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கோயில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மலேசியாவின் ஈப்போ நகரில், எங்கள் பழைய மாதா கோயிலைத் திறந்து பூட்டிப் பராமரிக்கும் கோயில்பிள்ளையாக இத்தனை ஆண்டுகள் இருந்தவருக்கு அடையாள அட்டைப் படம் தவிர வேறு படமே இல்லையாம்.

என்னிடம் ஒன்று இருந்தது. கரண்டி கையிலேயே நின்றது.

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்க வரும் சுற்றுப்பயணிகளை வாசலிலேயே நிறுத்துவார். "ஜன்னல எடுங்க, மாதாவ எடுங்க. கும்பிடுற ஆள மட்டும் கேட்டுட்டு எடுங்க லா." தமிழ் தெரியாதவர்களுக்குச் சைகையில் சொல்வார். பீடத்தில் ஏறி நின்ற கல்யாண வீடியோக்காரரிடம், "மச்சான், எறங்கு. பூசை வைக்கப் போறியா?" என்று கேட்டார். கோயிலே சிரித்தது.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். அவள் மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் தினமும் கோயிலுக்குப் போவேன். ஒருநாள் விம்மிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் கேமரா சத்தம். நான் நிமிர்வதற்குள் அண்ணன் அந்தப் பயணியிடம் போய்விட்டார். அழிக்கும்வரை நகரவில்லை. பிறகு என்னிடம் வந்து, "படம் போயிருச்சு தங்கச்சி. நீ அழு" என்றார்.

பிள்ளை பிழைத்தாள். அதைச் சொல்ல ஓடியபோது, ஆளில்லாத கோயிலில் கடைசி வரிசையில் அவர் முழந்தாளிட்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர், அதன்மேல் ஜன்னலின் நீல வெளிச்சம். போனில் படம் எடுத்துவிட்டேன். எனக்காக ஒருவரைத் தடுத்த மனிதரை நானே. அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

குழுவில் போடவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிம்பாங் பூலாயிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரோசம்மா அக்காவிடம் போனை நீட்டினேன்.

"மன்னிச்சிருங்கக்கா. கேக்காம எடுத்தது."

அக்கா முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"அழுவுறாரா?"

"ஆமாக்கா."

"வீட்டுல ஒருநாளும் அழுததில்ல இந்த மனுசன்." போனை என்னிடம் திருப்பித் தந்தார். "ஊருக்குக் காட்ட வேணாம். எனக்கு அனுப்பிட்டு நீ அழிச்சிரு."

அக்காவுக்கு அனுப்பியதும் அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். சவப்பெட்டியின்மேல் அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கி வைத்திருந்தார்கள். மங்கலாக, விறைப்பாக, யாரையோ வாசலில் நிறுத்துகிற முகம். வீடு திரும்பியும் மனம் அடங்கவில்லை. அழித்த படம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று போனைத் திறந்து திறந்து தேடினேன். இல்லை.

படம் போயிருச்சு, அண்ணே. நீங்க கும்பிடுங்க.