பொயிலருக்குக் கொளுத்திய கற்பூரம்

பொயிலருக்குப் பூசை செய்யப் போய் என் சித்தப்பாவைத் தொலைத்தவள் நான். 2007இல் எனக்கு ஒன்பது வயது. லண்டனில் ஓர் ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்தைப் பராமரிப்பது அப்பாவின் வேலை. ஒக்டோபரில், குளிர் இறங்குமுன், அங்குள்ள, சுடுநீர் ஓடும் ஹீற்றர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே அடைந்த காற்றை வெளியேற்றி, நிலக்கீழ் அறையில் தண்ணீரைச் சூடாக்கும் பொயிலரைப் பரிசோதித்து மூட்டவேண்டும். நவராத்திரி முடிகிற நேரமும் அதுதான். ஆயுத பூசைக்கு மற்றவர்கள் காருக்கும் கடைக்கும் சந்தனப் பொட்டு வைக்க, அப்பா பொயிலருக்கு வைப்பார். பொட்டு வைத்த பொயிலர் ஒருநாளும் சண்டித்தனம் பண்ணாது என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமையும் அடிப்பார்.

அந்த முறை ஏணியிலிருந்து விழுந்து அப்பா படுத்துவிட்டார். வேலை கைவிட்டுப் போகாமலிருக்க, அவருடைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சித்தப்பா போனார். வெள்ளைக்காரருக்கு எங்கள் முகங்களில் வித்தியாசம் தெரியாது என்பது அப்பாவின் நம்பிக்கை. சித்தப்பா ஜெர்மனியில் குழாய் வேலை பழகியவர், அப்பாவைவிடக் கெட்டிக்காரர். ஆனால் அகதி வழக்கு முடியாததால் இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. பிடிபட்டால் வழக்கும் போய்விடும், ஆளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது எனக்கும் தெரியும். யாராவது ஏதும் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்ல என்னையும் கூட அனுப்பினார்கள்.

"பூசை கீசை ஒண்டும் வேண்டாம். ஒருத்தற்ற கண்ணிலயும் படாமல் முடிச்சிட்டு வா" என்றார் அப்பா. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. போன வருடப் பூசையில் ஏதோ குறை வைத்ததால்தான் அப்பா விழுந்தார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். சுவாமிப் படத்தடியிலிருந்த கற்பூரத்தில் ஒரு பிடியும் தீப்பெட்டியும் என் கோட்டுப் பைக்குள் போயின.

சனிக்கிழமையானாலும் மேல் மாடிகளில் ஆட்கள் இருந்தார்கள். சித்தப்பா சின்னச் சாவியால் திருக, ஹீற்றர் சீறும். கறுப்புத் தண்ணீர் வந்ததும் நான் தகரப் பேணியைப் பிடிப்பேன். ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா இருந்த மனிதர் அன்று விசிலடித்துக்கொண்டு மாடி மாடியாக இறங்கினார். கடைசி ஹீற்றரும் முடிந்ததும், "இனி இது உன்ர பொறுப்பு, குஞ்சு" என்று சாவியை என் பைக்குள் போட்டார்.

பொயிலரை மூட்டிவிட்டு அவர் கை கழுவ மேலே போனார். நான் பேணியைக் கவிழ்த்து, அதன்மேல் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தினேன். கரும்புகை எழும்பியது. கும்பிட்டுக் கண் திறப்பதற்குள் கட்டடம் முழுவதும் அலாரம் அலறத் தொடங்கியது.

பயத்தில் பக்கத்திலிருந்த அலுமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவின் குரல் கேட்டது. "பிள்ளை! எங்க நிக்கிறாய்?" ஏசத்தான் தேடுகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். குரல் படியேறிப் போய்விட்டது. பிறகு நானாகவே வெளியே வந்து, ரோட்டில் நின்ற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன்.

தீயணைப்புக்காரர்கள் சித்தப்பாவை நாலாம் மாடியிலிருந்து இருமலோடு கூட்டிவந்தார்கள். மனேஜர் கோபத்தோடு பேச, நான்தான் மொழிபெயர்த்தேன். அலாரம் கேட்டதும் பத்திரமாக வெளியே வந்த சித்தப்பா, தடுத்த ஆளையும் தள்ளிவிட்டு ஏன் மறுபடி உள்ளே ஓடினார் என்று கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். மனேஜர் அட்டையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர்தான் உன் அப்பாவா?" என்று கேட்டபோது, வீட்டில் பழக்கியபடி ஆமென்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"கற்பூரம் ஆர் கொளுத்தினது எண்டு கேட்டால் சித்தப்பா எண்டு சொல்லு" என்றார் சித்தப்பா, பஸ்ஸில். நான் உடனே "ஓம்" என்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்பாவின் வேலை போனது. தை பிறந்ததும், அகதி வழக்குக்காக மாதாமாதம் கையெழுத்து வைக்கும் குடிவரவு அலுவலகத்துக்குப் போன சித்தப்பா திரும்பி வரவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்த நாட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கொழும்பிலிருந்து இரண்டு முறை பேசினார். மூன்றாவது அழைப்பு வரவே இல்லை. சொன்னதைக் கேட்காமல் பூசை செய்து அழிந்துபோனவன் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். நானும் திருத்தவில்லை.

கற்பூரம் கொளுத்திய அன்று பின்னேரம் அப்பா கட்டிலிலிருந்து கத்தினார். "வெளியில வந்தனீதானே! ரெயில் ஸ்டேஷனும் முன்னாலதானே, அப்பிடியே ஏறி வந்திருக்கலாமே! பிறகென்னத்துக்கு உள்ள போனனீ?"

"சாவியை விட்டிட்டு வந்திட்டன், அண்ணை" என்றார் சித்தப்பா.

நான் பைக்குள் கையை விட்டேன். சாவி அங்கேதான் இருந்தது. இதையும் சொன்னால் எனக்கும் ஏச்சு விழும் என்று வெறுங்கையை வெளியே எடுத்தேன். பாவம், சாவி என்னிடம் இருப்பதை சித்தப்பா மறந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.