வாசிச்சுப் பாருங்க

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்துச் சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், தேனி கடைவீதியில் இருந்த என் கடையில் இது நடந்தது. எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. கடையை மூடிவிட்டேன். மூடியதால் எதுவும் முடிந்துவிடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி ரிப்பேருக்கு வேண்டிய கைக்கருவிகளை விற்கும் கடை அது. ஸ்பேனர், சாக்கெட், குறடு, சுத்தியல், இரும்பை வெட்டும் உளி எல்லாம் கிடைக்கும். அந்த உளியை மெக்கானிக்குகள் சிசல் என்பார்கள். வெளிநாட்டுச் சாமான்களுக்கென்றே என் கடைக்கு ஒரு பெயர் இருந்தது. நான் உலோகவியல் டிப்ளமா படித்தவன். எது எஃகு, எது வெறும் முலாம் என்று கையில் வாங்கிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவேன். போடி, சின்னமனூர், கம்பம் என்று எங்கிருந்தெல்லாமோ மெக்கானிக்குகள் வருவார்கள். "அண்ணாச்சி எடுத்துக் குடுத்தாகன்னா யோசிக்க வேண்டியதில்ல" என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு என் காதில் விழும்போதெல்லாம் உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற வீடு. பொய் சொல்லக் கூடாது என்று சொல்லியே வளர்த்தார்கள். அதனால் வியாபாரத்தில் எனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எனக்கே சந்தேகமான ஒரு சாமானைப் பார்த்து யாராவது "ஒரிஜினலா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனிப் பெயர் பொறித்த பக்கத்தை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி, "வாசிச்சுப் பாருங்க" என்பேன். அதில் எழுதியிருப்பதற்கு எழுதினவன் பொறுப்பு, என் வாயிலிருந்து பொய் வரவில்லை. இப்படி இருபது வருடம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த ஆடிக்குக் கொஞ்சம் முன்னால், மதுரை மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு பெட்டி சிசல் வந்தது. மொத்தம் பன்னிரண்டு. பெரிய ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் பெயர் எல்லாவற்றிலும் இருந்தது. விலை மட்டும் அந்தப் பெயருக்குப் பொருந்தாமல் மிகக் குறைவாக இருந்தது. ஒன்றை எடுத்து அரம் வைத்துப் பார்த்தேன். நல்ல சிசலில் வெட்டுகிற முனை மட்டும்தான் கடினமாக இருக்கும். சுத்தியல் படுகிற தலையைக் கொஞ்சம் மென்மையாக விட்டிருப்பார்கள். தலையில் வைத்த அரம் வழுக்காமல் பிடித்து அராவ வேண்டும். இதில் தலையிலும் அரம் வழுக்கிக்கொண்டு போனது. அப்படிப்பட்ட தலை அடி தாங்காது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். படிக்கும்போது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம் இது.

தெரிந்தேதான் அலமாரியில் அடுக்கினேன்.

அந்த முற்பகலில் கம்பத்திலிருந்து ஒரு ஜீப் மெக்கானிக் வந்தார். நாற்பது வயது இருக்கும். பல வருடங்களாக என்னிடம் வாங்குகிறவர். ஏலக்காய் எடுக்கப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் கேரள எஸ்டேட்டுகளுக்குப் போகும் ஜீப்புகளில் பாதி அவர் கையால்தான் ஓடுகின்றன என்பார்கள். எண்கள் படிப்பார். ஆங்கில எழுத்து தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தலையில் விழுந்திருந்த சாரலைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சி, ஒரு சிசல் வேணும். மேல போற வண்டிக பூரா சேத்துல கெடந்து, ஸ்பிரிங் பட்டையில இருக்குற யூ போல்ட்டு நட்டெல்லாம் துருப்புடிச்சுச் செத்துப்போயிருக்கு. வெட்டித்தேன் எடுக்கணும்."

"உள்ளூர்ச் சாமான் போதுமா?"

"அத வாங்கி மூணு நாள்ல மொன்னையாப் போச்சு. அத வச்சு வெண்ணெய்தேன் வெட்டலாம். ஃபாரினே குடுங்க."

நல்ல சிசல் ஒன்று கடையில் இருந்தது. ஆனால் என் கை, லாபம் அதிகம் நிற்கிற புதுப் பெட்டிக்குப் போனது. நான் நீட்டியதை வாங்கிக் கையில் எடை பார்த்தவர், "ஒரிஜினல்தேனே?" என்றார்.

வழக்கம்போல் எழுத்து இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"வாசிச்சுப் பாருங்க தம்பி."

அந்த எழுத்தின்மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு சிரித்தார். "நான் என்னத்த வாசிக்க? நீங்க வாசிங்க அண்ணாச்சி. நீங்க வாசிச்சாப் பத்தாதா?"

வாசித்தேன். அந்தக் கம்பெனியின் பெயரை, உச்சரிப்புப் பிசகாமல், ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் சின்னமனூர் மெக்கானிக் ஒருவர் போன் செய்தார். கம்பத்துக்காரர் நட்டு வெட்டிக்கொண்டிருந்தபோது சிசல் தலை தெறித்து வலது கண்ணில் ஏறிவிட்டது, மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார். அடுத்த பஸ்ஸில் மதுரைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டுப் போட்ட முகத்தோடு படுத்திருந்தார். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்தில் அவர் மனைவி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று அழுதார்.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு அடிங்க, கண்ணாடியப் போட்டுக்கிட்டு அடிங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அண்ணாச்சி. கேட்டாரா? நீங்களாச்சும் சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இனி வரப்போவதில்லை என்று அப்போதே தெரிந்தது. நான் சொன்னது இதுதான்: "ஆமா தம்பி, கண்ணாடி போட்டிருக்கணும்." அதோடும் நிற்கவில்லை. இரும்புத் துணுக்கு எவ்வளவு வேகத்தில் வரும், என்ன மாதிரிக் கண்ணாடி போட வேண்டும் என்று படித்தவன் தோரணையில் விளக்கினேன். அவர் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு, "என் தப்புத்தேன் அண்ணாச்சி" என்றார். கண்ணாடி போட்டிருந்தால் தப்பியிருப்பார் என்பது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். வீட்டில் உயிரை வாங்குகிறாள், வேலைக்குப் போடுகிற கண்ணாடி ஒன்று கொடுங்கள் என்றார். வேலை எப்படிப் போகிறது என்று தயங்கிக்கொண்டே கேட்டேன்.

"ரெண்டு கண்ணு இருக்கையிலதேன் கை மேல அடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். இப்ப குறி தப்புறதே இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் நான் நீட்டிய கண்ணாடியை வாங்கும்போது அவர் கை அதற்கு அரை அடி தள்ளிக் காற்றைப் பிடித்தது. தூரம் தெரியவில்லை.

கண்ணாடியையும் ஒரு நல்ல சிசலையும் காசு வாங்காமல் கொடுத்தேன். அதைப் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். "கண்ணு போனவன்னு அண்ணாச்சி சும்மா குடுத்தாக" என்று. அதன் பிறகு என் மேல் மரியாதை கூடித்தான் போனது. அந்த மரியாதையோடுதான் நான்கு வருடம் கடை நடத்தினேன்.

வயதாகிவிட்டது என்று கடையை மூடிய வருடம், ஆயுத பூஜைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று அவரே தேனி வரைக்கும் வந்து அழைத்துவிட்டுப் போனார். போனேன். கம்பத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப்பைக் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்த கருவிகள் ஒரு பலகைமேல் வரிசையாக இருந்தன. வரிசையில் முதலாவதாக அந்தச் சிசல். தலையில் ஒரு பக்கம் பிறை மாதிரி உடைந்திருந்தது. உடைந்த இடத்துக்குக் கீழே, கம்பெனிப் பெயரின் மேலேயே குங்குமம் வைத்திருந்தார்.

"இத எதுக்கு வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.

"அது என்ன அண்ணாச்சி பண்ணும்? நீங்க எடுத்துக் குடுத்த ஒரிஜினல் சாமான். நாந்தேன் கோணலா அடிச்சிருப்பேன். கோவிச்சுக்கிட்டுத் தூக்கிப் போட முடியுமா?"

அங்கே கிடந்த ஜீப் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அரம் வழுக்கியது, தலை தெறிக்கும் என்று தெரிந்தது, அலமாரியில் நல்லது ஒன்று இருந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் தெரிந்தது. எதையும் விடவில்லை.

நான் முடித்ததும் அவர் அந்தச் சிசலைப் பலகையிலிருந்து எடுத்தார். கை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியால் குங்குமத்தையும் சந்தனத்தையும் துடைத்தார். அவசரப்படாமல், முழுவதும் போகும் வரை துடைத்தார். பிறகு பின்கட்டைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்கன வா." மனைவி வந்ததும் என்னிடம் திரும்பினார். "அவகிட்டயும் சொல்லுங்க அண்ணாச்சி. எங்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லுங்க."

இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கொடுமையாக இருந்தது. அந்த அம்மா கையில் பொரியும் கடலையும் வைத்த தட்டோடு நின்று கேட்டார். கேட்டு முடித்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கணவரைப் பார்த்து, "நாலு வருசமா ஒங்களையில்ல வஞ்சுக்கிட்டிருந்தேன்" என்றார். திட்டிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தட்டைப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கணவர் என்னை அடிப்பார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"பொட்டியில மொத்தம் எத்தன இருந்துச்சு?"

"பன்னெண்டு."

"எனக்கு ஒண்ணு. மிச்சம்?"

"வேற யாருக்கும் விக்கல தம்பி. ஒங்களுக்கு அடிபட்ட மறுநாளே எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டேன்."

"எங்கன அனுப்புனீக?"

"வாங்குன எடத்துக்குத்தான். மதுரைக்கு."

இதை நான் கொஞ்சம் நிம்மதியோடு சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் செய்த ஒரே சரியான காரியம் அது என்று அந்த நிமிடம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் அந்தச் சிசலைக் கையில் புரட்டிப் பார்த்தார். "அவுக அத வச்சு அழகு பாக்கவா போறாக? வேற கடைக்குக் குடுத்திருப்பாக. எவனோ ஒருத்தன் வாங்கியிருப்பான். எனக்கு ஒரு கண்ணு போச்சு, சரி. அது அப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? அதுக்கப்புறமும் பதினொண்ணையும் அனுப்பிருக்கீகளே அண்ணாச்சி."

உடைத்துப் போட்டிருக்கலாம். வைகையில் எறிந்திருக்கலாம். என் கடையில் அந்தப் பெட்டி இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அன்றைக்கு என் யோசனை.

மறுநாளே மதுரைக்குப் போனேன். அந்த வியாபாரி, பல ஊர்க் கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன், எங்கே என்று இப்போது எப்படிச் சொல்வது என்று கையை விரித்தார். அவருக்கு நினைவில் நின்ற ஊர்களுக்கெல்லாம் போனேன். பிறகு நினைவில் இல்லாத ஊர்களுக்கும் போனேன். ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, "உங்ககிட்ட இருக்குற சிசலக் கொஞ்சம் காட்டுறீகளா?" என்று கேட்கிற கிழவனைப் பார்த்து, "பெருசு, ரிப்பேரு எங்களுக்கா, ஒனக்கா?" என்று சிரித்தவர்கள் உண்டு. உத்தமபாளையத்தில் ஒன்று கிடைத்தது. போடியில் ஒன்று. குமுளியில் ஒரு மலையாளியிடம் இன்னொன்று. அதன் தலையில் ஏற்கெனவே ஒரு சில்லு போயிருந்தது. யார் மேல் பட்டது என்று கேட்கப் பயந்து, புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு இன்னும் கிடைக்கவில்லை.

கம்பத்துக்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று கிடைத்தது என்றால் "சரிங்க அண்ணாச்சி" என்பார். அதற்குமேல் பேசுவதில்லை. மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துத்தான் அன்று வாயைத் திறந்தேன். முகம் தெரியாத எட்டுப் பேர் இந்த நேரத்தில் எங்கோ குனிந்து நின்று சுத்தியலை ஓங்கிக்கொண்டிருக்கலாம், அவர்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை என்பதைத்தான் அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன்.