குடிக்காதவர் செய்த சத்தியம்

என் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்த கையோடு பீடத்தின் முன் முழந்தாளிட்டு, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். செய்ய வைத்தவர் என் தாய்மாமா.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் வேலை. திடீரென்று வயிற்றுவலி வரும். லாரியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் சுருண்டு கிடப்பார். லாரி டிரைவருக்கு வயிற்றுவலி என்றால் எங்கள் தெருவுக்கு வேறு காரணம் தேடப் பொறுமை இல்லை. மறுத்துப் பார்த்தார், யாரும் நம்பவில்லை. வீடாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று சத்தியத்தைச் செய்துவிட்டார். வலி மட்டும் அதை மதிக்கவில்லை.

ஒன்பது வயதில் எனக்கும் அதே வலி வந்தது. மதுரையில் பார்த்த டாக்டர், கணையம் வீங்கியிருக்கிறது என்று சொல்லி, அப்பாவுக்கும் சேர்த்து இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. இது பரம்பரையாக வருவது, அப்பாவிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது, குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அப்பாவின் மூக்கு என்று எல்லோரும் சொல்வார்கள்; இப்போது வயிறும் அவருடையது!

ஊர் திரும்பும் பஸ்ஸில் அப்பா ஒன்றுதான் சொன்னார்: "இத யாருகிட்டயும் சொல்லாத தாயி." அம்மாவிடமும் அதையே சொன்னார்.

அடுத்த மாதம், நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. வெள்ளைக் கவுனும் கிரீடமுமாக நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் பிரியாணி, எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் ரசம் சாதம். மாமா அப்பாவின் இலையைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, சத்தியம் பண்ணியும் விடலயோ? குடல் வெந்து போச்சோ?" என்றார், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"மாமா, எனக்கும் அப்பாவுக்கும் ஒரே நோவுதான், பரம்பரையா வாரதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் எந்தக் கடையில போயிக் குடிச்சேன்?"

"ஏளா, கீழ எறங்கு" என்று அம்மா அதட்டினாள். மாமா எச்சில் கையோடு எழுந்து வந்து, "மன்னிச்சிருங்க மாப்ள" என்றார். அப்பா என்னைத் தூக்கி இறக்கிவிட்டு, என் தோளில் முகத்தை வைத்து அழுதார். பழி நீங்கிய சந்தோஷம் என்று நினைத்து, நான் பெருமையோடு கிரீடத்தைச் சரிசெய்துகொண்டேன். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

நாளைக்கு என்னைப் பெண் கேட்டு வருகிறவர்கள் நோய்க்காரி என்று திரும்பிப் போய்விடக் கூடாதே என்றுதான், குடிகாரன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொள்ள அப்பா முடிவு செய்திருந்தார். அது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.