ஈரப் போர்வை

ஐப்பசி மழையில் ஏற்காட்டில் துணி துவைப்பதற்குப் பொறுமை வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த புதுச் சித்தியைப் பொறுத்துக்கொள்வதற்கு அதைவிட அதிகம் வேண்டியிருந்தது.

எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் எங்களுக்கு ஒரே அறை. மூலையில் அடுப்பு. நடுவே, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணி வரைக்கும் துணிக்கொடி. கொடிக்கு இந்தப் பக்கம் அப்பா, அம்மா, நான், தம்பி படுப்போம். சித்தப்பா கல்யாணம் முடித்துக் குப்பனூரிலிருந்து சித்தியை அழைத்து வந்த பிறகு, அந்தப் பக்கம் அவர்கள் இருவரும்.

வந்த மறுநாளே சித்தி துவைக்க ஆரம்பித்தாள். போர்வை, வேட்டி, சேலை என்று அகலமானதாகப் பார்த்துத் துவைப்பாள். வெளியே மேகம் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும்போது துணி எங்கே காயும்? சாயங்காலமானால் கொடி முழுக்க ஈரத்துணி, ஒரு விரல்கூட இடைவெளி விடாமல். தரையெல்லாம் சொட்டும். தம்பிக்குச் சளி. சோற்றில்கூடச் சோப்பு வாசம்.

"ஏம்புள்ள, உங்கூர்ல அழுக்கே ஆகாத துணியயும் தொவைப்பாங்களா?" என்று அம்மா கத்துவாள்.

"பழகிப்போச்சுங்கக்கா" என்பாள் சித்தி, பிழிந்துகொண்டே.

என் பாட்டை யார் கேட்டார்கள்? எனக்கிருந்தது ஒரே நீலப் பாவாடை. அடுப்புப் பக்கத்து முனையில் போட்டால்தான் அது காலைக்குள் காயும். அந்த முனையையும் சித்தியின் போர்வை பிடித்துக்கொண்டது. தினமும் ஈரப் பாவாடையோடுதான் பள்ளிக்கூடம். பள்ளிக்கூட விழாவில் முன்னால் நின்று பாட என்னைத்தான் டீச்சர் நிறுத்தியிருந்தார். விழாவுக்கு முந்தின நாள், "நாளைக்கும் இப்பிடி நசநசன்னு வந்தீன்னா வேற புள்ளையப் பாட வெச்சிருவேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அதிசயமாக வெயில். பாறைமேல் போட்ட அத்தனையும் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. கொடி காலி. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பாவாடையை அலசி அடுப்பு முனையில் போட்டேன். திரும்பினால், மடித்து வைத்திருந்த காய்ந்த போர்வையை எடுத்துச் சித்தி வாளியில் முக்கிக்கொண்டிருக்கிறாள்!

"அம்மா! காஞ்ச போர்வையப் போயி நனைக்கிறாங்க, பாரு!"

லைன் முழுக்கக் கேட்டிருக்கும். சித்தி தலையைத் தூக்கவே இல்லை. சித்தப்பா வாசலில் நின்று காப்பிச் செடியில் எதையோ தேடினார். அப்பாவுக்கு இருமல் வந்தது, வெளியே போய்விட்டார்.

அத்தனை நாள் கத்திய அம்மா, அன்றைக்கென்று காலிக் கொடியையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து தன் கல்யாண ஜமக்காளத்தை எடுத்தாள். நாங்கள் தொட்டாலே கையில் அடி விழும் ஜமக்காளம். என் பாவாடையை எடுத்து அடுப்புக்கு மேலே தனிக் கயிறு கட்டிப் போட்டுவிட்டு, ஜமக்காளத்தைக் கொடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துவிட்டாள்.

"இது இங்கயே கெடக்கட்டும் கண்ணு. நனைக்க வேண்டாம்" என்றாள் சித்தியிடம். "எனக்குத் தோணாமப் போச்சு பாரு."

"காஞ்சத எதுக்கும்மா காயப் போடறே?"

"நீ போயி பாட்டைப் படி சாமி."

மறுநாள் காய்ந்த பாவாடையோடு பாடினேன். ஒரு சொல் தவறவில்லை. பாடி முடித்ததும் பக்கத்து லைன் பிள்ளை ஒருத்தியிடம் புலம்பினேன்: "எங்கூட்ல எல்லாருக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சு. காஞ்ச ஜமக்காளத்தக் காயப் போடறாங்க."

"எங்கூட்லயும் அண்ணன் கல்யாணத்துலருந்து ஒண்ணு தொங்குது" என்றாள் அவள். "எடுக்கவே மாட்டேங்கறாங்க."

இந்தப் பெரியவர்களை என்னதான் செய்வது என்று இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டோம்.